ரெசின் எத்தனை டிகிரி தாங்கும்? டெல்டாவில் புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

சம்பா அறுவடை முடிந்து ரைஸ் மில்களில் நெல் அவிக்கும் வேலை மும்முரமானதும் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். "அண்ணே, சாஃப்ட்னர் வேலை செய்யல." "அண்ணே, பாய்லர் டியூப்ல ஸ்கேல் கட்டுது." மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி என்று ஏதாவது ஓர் ஊர். சாஃப்ட்னர் என்பது பாய்லருக்குப் போகும் தண்ணீரில் இருந்து சுண்ணாம்புச் சத்தை எடுக்கும் பாத்திரம். அதை எடுக்காவிட்டால் டியூபில் ஸ்கேல் என்ற படிவு கட்டும். எடுக்கும் வேலையைச் செய்வது உள்ளே கிடக்கும் ரெசின் என்ற சின்னச் சின்ன மணிகள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ரெசின்மேல் தப்பு இருக்காது. உப்பு போடாமல் ஓட்டியிருப்பார்கள். ரெசினே கெட்டுப்போன இடங்களில் நான் முதலில் சந்தேகப்படுவது சூட்டைத்தான்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ரெசின் எத்தனை டிகிரி தாங்கும்? 35 என்பதும் சரியான பதிலாக இருக்கலாம், 120 என்பதும் சரியான பதிலாக இருக்கலாம். எந்த வகை ரெசின், இந்த நிமிஷம் எந்த அயனியை (தண்ணீரில் கரைந்துள்ள, மின்னேற்றம் கொண்ட துகளை) பிடித்துக்கொண்டிருக்கிறது, எந்தப் பாத்திரத்துக்குள் கிடக்கிறது, இந்த மூன்றும் தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ஒரே எண்ணைச் சொல்லி முடித்துவிடுகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

கீழே எழுதியிருப்பது ரைஸ் மில் சாஃப்ட்னர் பார்ப்பவருக்கும் உதவும், மின்நிலையத்தில் டி.எம். பிளாண்ட் (தண்ணீரில் கரைந்த உப்பை முழுக்க எடுக்கும் பிளாண்ட்) ஷிப்டுக்குப் போகிறவருக்கும் உதவும். வேதியியல் படித்திருக்க வேண்டும் என்று இல்லை.

முதலில், கையில் இருப்பது என்ன

ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கசகசாவைவிடச் சின்னதாகவும் கொஞ்சம் பெரிதாகவும் கலந்து இருக்கும், 0.3 முதல் 1.2 மில்லிமீட்டர். ஸ்டைரீன் என்ற பொருளை நீளச் சங்கிலியாகக் கோத்து, டைவினைல் பென்சீன் என்ற இன்னொன்றால் குறுக்கே பின்னிச் செய்த பிளாஸ்டிக் மணி இது. அந்தப் பின்னலில் மின்னேற்றம் உள்ள குழுக்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். குழு நகராது, அது பிடித்திருக்கும் அயனிதான் மாறும்.

இதை விளங்கிக்கொள்ள நம் ஊர் வயலே போதும். 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய நாகப்பட்டினத்து வயல்களில் ஜிப்சம் போட்டது பலருக்கு நினைவிருக்கும். களிமண் துகளுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. கடல்நீரில் வந்த சோடியம் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்தது. வெளியே வந்த சோடியம் மழைநீரில் வடிந்தது. சாஃப்ட்னருக்குள்ளும் இதேதான் நடக்கிறது. வயலில் நமக்குக் கால்சியம் வேண்டும், பாய்லரில் வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் ஓடும்போது ரெசின் கால்சியத்தைப் பிடித்துச் சோடியத்தை விடுகிறது. நிறைந்ததும் நாம் உப்புத்தண்ணீரை விட்டுத் திரும்பச் சோடியத்தை ஏற்றுகிறோம்.

மண்ணுக்கு இந்தக் குணம் உண்டு என்று 1850இல் இங்கிலாந்தில் தாம்சனும் வேயும் எழுதினார்கள். உரத்தில் உள்ள அம்மோனியாவை மண் பிடித்துவைப்பதைப் பார்த்துக் கண்டது அது. மண்ணுக்குப் பதில் செயற்கைப் பிசினில் அதே வேலையைச் செய்துகாட்டியவர்கள் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர், 1935இல். இன்று நாம் பார்க்கும் ஸ்டைரீன் மணி 1940களில் வந்தது.

வகையைக் கண்டுபிடியுங்கள்

மூட்டையில் பெயர் இருந்தால் வேலை முடிந்தது. பழைய பிளாண்டில் அது இருக்காது. "முன்னாடி இருந்தவர் போட்டது" என்பார்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேட்டயான் ரெசின் நேர்மின் அயனிகளைப் பிடிக்கும், ஆனயான் ரெசின் எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும். தேன் நிறத்தில் கேட்டயானும் உண்டு, ஆனயானும் உண்டு.

ஒரு கண்ணாடி டம்ளரில் கல்லுப்பைக் கரையாமல் அடியில் தங்கும்வரை போட்டுக் கலக்குங்கள். வேதாரண்யம் உப்பே போதும். தெளிந்த உப்புத்தண்ணீரில் ஒரு ஸ்பூன் ரெசினைப் போட்டு, காற்றுக் குமிழி போகத் தட்டிவிட்டு, பத்து நிமிஷம் விடுங்கள். அடியில் போய்ப் படுத்தால் ஸ்டைரீன் கேட்டயான், மேலே மிதந்தால் ஆனயான். இரண்டும் கலந்த மிக்ஸட் பெட் ரெசின் என்றால் டம்ளரில் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஒரு சின்ன வித்தை மாதிரி இருக்கும்.

அடுத்தது, இப்போது எந்த அயனியில் இருக்கிறது என்பது. இன்னொரு ஸ்பூன் ரெசினை நல்ல தண்ணீரில் நன்றாக அலசி, கொஞ்சம் உப்புத்தண்ணீர் ஊற்றி, பி.எச். தாளை நனையுங்கள். தாள் சிவந்தால் ஹைட்ரஜன் உருவில் உள்ள கேட்டயான். அடர்நீலமாகப் போனால் ஹைட்ராக்சைடு உருவில் உள்ள ஆனயான். பெரிய மாற்றம் இல்லை என்றால் சோடியம் அல்லது குளோரைடு உரு. நாள்பட்ட பிளாண்டில் இந்த இரண்டு சோதனையும் கால் மணி நேர வேலை. மேற்கொண்டு கொடுக்கப்போகும் எண்கள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

எண்கள்

பலமான அமில கேட்டயான், அதாவது சல்ஃபோனிக் குழு உள்ளது, இருப்பதிலேயே கெட்டியான ஆள். சோடியம் உருவில் 120 டிகிரிவரை கவலையில்லை. அதற்கு மேலும் அச்சிட்டிருக்கும் தயாரிப்புகள் உண்டு. சூடான சுண்ணாம்பு முறையில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பழைய பிளாண்டுகளில் 105, 110 டிகிரித் தண்ணீரையே இதன் வழியாக விட்டிருக்கிறார்கள். ஹைட்ரஜன் உருவில் கொஞ்சம் பலவீனம். 120ஐ நெருங்க நெருங்க சல்ஃபோனிக் குழு மணியிலிருந்து கழன்று கந்தக அமிலமாகத் தண்ணீரில் கலக்கும்.

பலவீன அமில கேட்டயான், அக்ரிலிக் வகை, 100 டிகிரிக்கு மேலும் தாங்கும். பலவீன கார ஆனயான் 60 முதல் 100வரை, தயாரிப்பைப் பொறுத்து. இவை இரண்டிலும் சூட்டால் பெரிய தொல்லையை நான் பார்த்ததில்லை.

தொல்லை எல்லாம் பலமான கார ஆனயானில். இதில் டைப் 1, டைப் 2 என்று இரண்டு உண்டு. டைப் 1 குளோரைடு உருவில் 80 டிகிரியைச் சாதாரணமாகத் தாங்கும். அதே மணி ஹைட்ராக்சைடு உருவுக்கு வந்துவிட்டால் 60தான். டைப் 2 என்றால் இன்னும் மோசம். குளோரைடில் 75ஐ ஒட்டி இருப்பது ஹைட்ராக்சைடில் 35, 40க்கு இறங்கிவிடும். அக்ரிலிக் உடம்புள்ள பலமான ஆனயானும் ஹைட்ராக்சைடில் ஏறத்தாழ அதே 35தான். சித்திரை வெயிலில் நம் ஊரில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே அதைத் தாண்டும்.

இவை "இந்தப் புள்ளியில் மணி வெடித்துவிடும்" என்ற எல்லைகள் இல்லை. இதற்குக் கீழே ஓட்டினால் வருஷக்கணக்கில் உழைக்கும், மேலே ஓட்டினால் மாதக்கணக்கில் தேயும் என்று பொருள். தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் தேயும் வேகம் இரண்டு மடங்காகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஹைட்ராக்சைடில் மட்டும் இப்படி

வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஆனயானின் குழு ஒரு நைட்ரஜன் அணுவைச் சுற்றிக் கட்டியது. அது பிடித்துவைத்திருக்கும் ஹைட்ராக்சைடு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, சூடு ஏறியதும் அந்த நைட்ரஜனை ஒட்டியிருக்கும் கார்பனையே தாக்கும். குளோரைடு சாது, அது ஒன்றும் செய்யாது. அதனால்தான் ஒரே மணிக்கு இரண்டு எல்லை.

டைப் 1 உடையும்போது இரண்டு விதமாக உடையும். நைட்ரஜன் மொத்தமாகக் கழன்று ட்ரைமெத்தில் அமீனாகப் போகலாம். அல்லது ஒரு மெத்தில் மட்டும் மெத்தனாலாகப் போய், குழு பலவீனமாக மாறலாம். ட்ரைமெத்தில் அமீன் என்பது மீன் பழசானால் வரும் வாடையேதான், வேறொன்றும் இல்லை. ஆனயான் பாத்திரத்தின் மேல்மூடியைத் திறந்ததும் கருவாட்டு வாடை அடித்தால் சூடு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். நான் ஒருநாள் ஏமாந்திருக்கிறேன். புது டைப் 1 ரெசினிலும் லேசாக இந்த வாடை இருக்கும், அது இயல்பு. ஓடிக்கொண்டிருந்த பிளாண்டில் திடீரென்று கூடுவதுதான் சேதி.

டைப் 2 சத்தமில்லாமல் கெடும். பலமான குழு பலவீனமான குழுவாக மாறிவிடும், மொத்தக் கொள்ளளவு பெரிதாகக் குறையாது. குளோரைடையும் சல்ஃபேட்டையும் பிடித்துக்கொண்டே இருக்கும், சிலிக்காவை மட்டும் விட்டுவிடும். கண்டக்டிவிட்டி மீட்டர் (தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று காட்டுவது) நன்றாகக் காட்டும், அதைப் பார்த்து நிம்மதியாக இருப்பீர்கள். டர்பைன் பிளேடில் வெள்ளையாகச் சிலிக்கா படிந்த பிறகுதான் தெரியும். டைப் 2 இருக்கும் இடத்தில் சிலிக்கா சோதனையை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

பாத்திரத்தையும் பாருங்கள்

ஒரு ரைஸ் மில்லில் நடந்தது. டிரையரின் ஆவி ரேடியேட்டரில் இருந்து வரும் கண்டென்சேட், அதாவது ஆவி குளிர்ந்து திரும்பும் தண்ணீர், 85 டிகிரி இருக்கும். அந்த வெந்நீரை வீணாக்கக்கூடாது என்று பாய்லர் ஃபீட் தொட்டிக்குத் திருப்பிவிடுவது நல்ல பழக்கம். உமியும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். அங்கே பிளம்பர் அந்தக் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள தொட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். பக்கத்தில் இருந்த தொட்டி அதுதான்.

"ரெசின் 120 டிகிரி தாங்கும்னு கம்பெனிக்காரரே சொன்னாருங்களே" என்றார் மேனேஜர். அவர் சொன்னது பொய்யில்லை. ரெசின் தாங்கியது. எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) பாத்திரமும் அதன் தலையில் உள்ள பிளாஸ்டிக் வால்வும் தாங்கவில்லை. இந்த மாதிரிப் பாத்திரங்களுக்கு 50 டிகிரிக்குக் கீழேதான் உத்தரவாதம். உள்ளே நடுவில் நிற்கும் பி.வி.சி. குழாய் வளைந்து, அடியில் உள்ள ஸ்ட்ரெய்னர் கழன்று, மணிகள் தண்ணீரோடு ஃபீட் தொட்டிக்குப் போய்விட்டன. ஃபீட் பம்பின் வடிகட்டியைக் கழற்றியபோது வலைக்கண்ணில் தேன் நிறத்தில் நான்கைந்து மணி ஒட்டியிருந்தது. நகத்தால் அழுத்தினேன், உடையவில்லை. அப்போதுதான் விஷயம் விளங்கியது.

இதோடு முடிந்துவிடாது. 7 கிலோ அழுத்தத்தில் ஓடும் பாய்லருக்குள் 170 டிகிரி. அங்கே போன மணி சல்ஃபோனிக் குழுவைக் கழற்றிவிட்டு அமிலமாகும். பாய்லர் தண்ணீரின் பி.எச். வழக்கத்தைவிட இறங்கியிருந்ததற்குக் காரணம் அதுதான். ஸ்கேல் வராமல் காக்கப் போட்ட பொருள் டியூபை அரிக்கும் பொருளாக மாறிவிட்டது. பாய்லர் தண்ணீரை வெளியேற்றி (புளோடவுன்), ஃபீட் தொட்டியைக் கழுவி, குழாயை மாற்றி, எல்லாம் சரியாக மூன்று நாள் ஆனது. சீசன் நடுவில் மூன்று நாள் என்றால் மில் முதலாளி முகம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால் புதிய இடத்தில் பாத்திரம் என்ன, உள் பூச்சு என்ன என்று கேட்டு எழுதிவையுங்கள். எஃப்.ஆர்.பி. என்றால் 50க்குக் கீழே. இரும்புப் பாத்திரத்தில் ரப்பர் லைனிங் என்றால் அந்த ரப்பரின் எல்லை. செய்தவரிடம் கேட்டு வாங்குங்கள். உள்ளே பி.வி.சி. குழாய் என்றால் 60ஐ நெருங்கவே கூடாது. மணி, அயனி, பாத்திரம் மூன்றில் எது சின்ன எண்ணோ அதுதான் உங்கள் எல்லை.

தெர்மாமீட்டரை எங்கே வைப்பது

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் நம் பக்கம் 28, 30 டிகிரியில் வரும். அதை நம்பி யாரும் சூட்டை அளப்பதில்லை. சூடு ஏறும் இடங்கள் வேறு. வெயிலில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. மே மாத மதியம் நான் அளந்தபோது மேல்மட்டத்துத் தண்ணீர் 44 காட்டியது. நாளெல்லாம் நின்றுவிட்ட குழாய் இன்னொன்று. மின்வெட்டு முடிந்து மோட்டார் போட்டதும் முதல் இரண்டு நிமிஷம் வருவது வெந்நீர், அதை வடிகாலில் விடுங்கள். பிறகு கண்டென்சேட் திரும்பும் குழாய், பாய்லரில் இருந்து பின்னோக்கிக் கசியும் நான்-ரிட்டர்ன் வால்வு. இந்தக் கடைசியை யாரும் யோசிப்பதில்லை. ராத்திரி பாய்லர் நிறுத்திய பிறகு ஃபீட் குழாயைத் தொட்டுப் பாருங்கள், கை சுட்டால் வால்வு கசிகிறது.

சாஃப்ட்னருக்குள் போகும் குழாயில் ஒரு டயல் தெர்மாமீட்டர் போட்டுவிட்டால் பெரிய செலவில்லை. டி.எம். பிளாண்டில் ஆனயானுக்கு முன்னால் ஒன்று, ஆனயானைத் திரும்ப ஹைட்ராக்சைடு உருவுக்குக் கொண்டுவர விடும் காஸ்டிக் (காஸ்டிக் சோடா) போகும் குழாயில் ஒன்று, இரண்டும் வேண்டும்.

உப்பு போடுவது

சாஃப்ட்னருக்கு மட்டும் ஒரு கணக்கு சொல்கிறேன், மற்றதை நீங்களே போட்டுக்கொள்ளலாம். உள்ளே 100 லிட்டர் ரெசின், உங்கள் தண்ணீரின் ஹார்ட்னஸ் (கால்சியம், மக்னீசியம் அளவு) 300 என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஒரு லிட்டரில் 0.3 கிராம். ஒரு லிட்டர் ரெசின் நடைமுறையில் 50 கிராம் ஹார்ட்னஸ் பிடிக்கும். 100 லிட்டருக்கு 5,000 கிராம். அதை 0.3ஆல் வகுத்தால் 16,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முன்பே, 15,000இல் நிறுத்தி உப்பு போடுங்கள்.

முதலில் கீழிருந்து மேலாகப் பேக்வாஷ், வடியும் தண்ணீர் தெளியும்வரை, பத்துப் பதினைந்து நிமிஷம். அப்புறம் 15 கிலோ உப்பை 150 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடியில் தங்கும் மண்ணை விட்டுவிட்டு, தெளிவை மட்டும் இருபது முப்பது நிமிஷத்தில் மெதுவாக உள்ளே விடுங்கள். அவசரப்பட்டு ஐந்து நிமிஷத்தில் விட்டால் பாதி உப்பு வேலை செய்யாமல் வெளியே போகும். பிறகு உப்புக் கரிப்பு போகும்வரை அலசல். ஹார்ட்னஸ் சோதனைக் கிட்டில் சோதித்துப் பாருங்கள். நீலம் வந்தால் சாஃப்ட், ஒயின் சிவப்பு வந்தால் இன்னும் ஹார்ட்னஸ் இருக்கிறது.

இந்தக் கழிவு உப்புத்தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன சுனாமி வயலை நாமே கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்குகிற வேலை அது. தனிக் குழியில் சேர்த்து ஆவியாக விடுங்கள்.

காஸ்டிக் போடும்போது நான் செய்த தப்பு

முதலில் வேலை பார்த்த பிளாண்டில் டைப் 1. சிலிக்கா நன்றாக இறங்க வேண்டும் என்று 4 சதவீதக் காஸ்டிக்கை 50 டிகிரிக்குச் சூடாக்கி விடுவது அங்கே வழக்கம். டைப் 1க்கு அது சரியான முறை. பிறகு வேறு ஓர் ஆலைக்கு மாறினேன். அங்கே யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய பழக்கத்தில் ஆவிச் சுருளைத் திறந்து 50க்கு ஏற்றினேன். உள்ளே இருந்தது டைப் 2. காஸ்டிக் குறைவாகச் செலவாகும் என்று அதைப் போட்டிருந்தார்கள். இரண்டு மூன்று மாதத்தில் சிலிக்கா கசிய ஆரம்பித்தது. ரெசினைக் குறை சொன்னோம், தண்ணீரைக் குறை சொன்னோம். மூட்டைச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தபோது டைப் 2 என்று பெரிதாகவே அச்சிட்டிருந்தது.

ஆவிச் சுருள் இல்லாவிட்டாலும் காஸ்டிக் தானே சூடாகும் என்பதை மறக்காதீர்கள். செதில் காஸ்டிக்கைத் தண்ணீரில் போட்டால் ஒவ்வொரு சதவீதத்துக்கும் சுமார் 2.5 டிகிரி ஏறும். 32 டிகிரித் தண்ணீரில் 4 சதவீதம் கரைத்தால் 42. டைப் 2க்கு இதுவே அதிகம். காலையில் கரைத்து வைத்து, ஆறிய பிறகு சாயங்காலம் விடுங்கள். கெட்டியாக 20 சதவீதம் கரைப்பதாக இருந்தால் 80ஐத் தொடும். கண்ணாடி, கையுறை இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றக்கூடாது. கந்தக அமிலத்துக்கும் இதே விதி.

கெட்டது சூட்டாலா, அழுக்காலா

ஆனயானின் ஓட்டம், அதாவது ஒருமுறை ஏற்றியதில் அது தரும் தண்ணீரின் அளவு, குறைந்ததும் சூடு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆற்றுத்தண்ணீரோ வாய்க்கால் தண்ணீரோ எடுக்கும் இடங்களில், மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வரும்போதும் ஐப்பசி மழையிலும், இலைதழை அழுகிய கரிமப் பொருள் நிறைய வரும். அது ஆனயானில் போய் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் ரெசினை எடுத்து 10 சதவீத உப்பும் 2 சதவீதக் காஸ்டிக்கும் கலந்த தண்ணீரில் ஓரிரவு ஊற வையுங்கள். காலையில் டிக்காஷன் நிறத்தில் இறங்கியிருந்தால் அது அழுக்கு. பிளாண்டிலேயே இதேபோல் கழுவிப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். தண்ணீர் தெளிவாகவே இருந்து, ரெசின் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் சூட்டில் குழு போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை, புது ரெசின்தான்.

கேட்டயான் என்றால் அமுக்கிப் பாருங்கள். ஜவ்வரிசி வெந்ததுபோல் மெத்தென்று இருந்தால் குளோரின் வேலை. பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரை நேரே விட்டால் மணியின் குறுக்குப் பின்னல் அறுந்து ஊதும். சூடும் இரும்பும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் அறும். முன்னால் ஒரு கார்பன் ஃபில்டர் போடுவதே இதற்குத் தீர்வு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அழுக்கு போகட்டும் என்று நைட்ரிக் அமிலத்தை ரெசின்மேல் ஊற்றாதீர்கள். அதிலும் சூடாகவோ கெட்டியாகவோ ஊற்றினால் பாத்திரமே வெடிக்கும்.

மில் மூடியிருக்கும் மாதங்கள்

ரெசினைக் காயவிடக்கூடாது, வேகவும் விடக்கூடாது. மூட்டைகளைத் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். வைகாசியில் தகரத்துக்கு அடியில் 40 தாண்டும். ஹைட்ராக்சைடு உருவில் வந்த மூட்டை என்றால் போடாமலே தேய ஆரம்பிக்கும். பாத்திரத்தில் உள்ளதை நிறுத்தும்போது உப்புத்தண்ணீரில் நிரப்பி மூடிவிட்டால் பாசி பிடிக்காது, ஆனயானும் குளோரைடு உருவில் பத்திரமாக இருக்கும். எப்படியோ காய்ந்துவிட்டால் நல்ல தண்ணீரை ஊற்றாதீர்கள், சடசடவென்று விரிசல் விடும். முதலில் கெட்டி உப்புத்தண்ணீரில் ஊறப் போட்டு, மெதுவாகத் தண்ணீர் சேர்த்து நீர்க்க வையுங்கள்.

வேறு எங்கெல்லாம் இந்த வேலை

டெல்டாவில் ரைஸ் மில் மட்டும் இல்லை. கோவில்களப்பாலிலும் குத்தாலத்திலும் எரிவாயு மின்நிலையங்கள் இருக்கின்றன. எரிவாயு டர்பைனின் கழிவுச் சூட்டில் ஆவி எடுக்கும் இந்த மாதிரி நிலையங்களில் பாய்லருக்கு உப்பே இல்லாத டி.எம். தண்ணீர் வேண்டும், கேட்டயான், ஆனயான், மிக்ஸட் பெட் என்று வரிசை. பெரிய அனல் நிலையங்களில் குளிர்ந்து திரும்பும் கண்டென்சேட்டையும் மிக்ஸட் பெட் வழியாக விடுவார்கள். அங்கே எல்லையை வைப்பது ஆனயான்தான். 60ஐ நெருங்கினால் ரெசினை விட்டு பைபாஸ் திறந்துவிட வேண்டும். நரிமணத்தில் 1993இல் 5 லட்சம் டன் கொள்ளளவோடு சுத்திகரிப்பு ஆலை வந்தபிறகு இந்த வேலை தெரிந்தவர்கள் நாகை மாவட்டத்திலேயே உருவானார்கள்.

சர்க்கரையில் கந்தகப் புகையால் நிறம் எடுக்கும் ஆலைகளுக்கு ரெசின் பாய்லர் தண்ணீருக்கு மட்டும். சுத்திகரித்த சர்க்கரை எடுக்கும் ஆலைகளில் 70, 80 டிகிரிப் பாகையே பலமான ஆனயான் வழியாக விட்டு நிறத்தை எடுக்கிறார்கள். 60தானே எல்லை என்று கேட்கத் தோன்றினால் நல்லது, இதுவரை படித்தது ஏறியிருக்கிறது. அங்கே ரெசின் குளோரைடு உருவில் இருக்கிறது, அதனால் தாங்குகிறது. மெம்பிரேன் முறையில் காஸ்டிக் செய்யும் ஆலையில் 60 டிகிரி உப்புக்கரைசலில் இருந்து கால்சியத்தைக் கடைசித் துளிவரை எடுக்க ஒரு தனி ரெசின் உண்டு. கால்சியம் கசிந்தால் மெம்பிரேன் பாழ், அது ரெசினைவிடப் பல மடங்கு விலை.

பெட்ரோலிய ரசாயன ஆலைகளில் தண்ணீரோடு சம்பந்தமே இல்லாத வேலையும் ரெசினுக்கு உண்டு. பலமான கேட்டயானை ஹைட்ரஜன் உருவில் வினையூக்கியாகப் போடுகிறார்கள். பெட்ரோலில் கலக்கும் எம்.டி.பி.ஈ., பிளாஸ்டிக்குக்கு வேண்டிய பிஸ்ஃபினால் ஏ எல்லாம் இப்படித்தான். வினை சூட்டைக் கக்கும். படுகையின் நடுவில் ஓரிடத்தில் மட்டும் சூடு ஏறினால் அங்குள்ள மணிகள் குழுவை இழந்து, கழன்ற அமிலம் கீழே உள்ள இரும்பை அரிக்கும். 150ஐத் தாண்டியும் தாங்குவதற்காகக் குளோரின் ஏற்றிச் செய்த வகைகள் தனியாக இருக்கின்றன, விலையும் தனி.

புது ரெசின் வாங்கும்போது

விற்பவர் தரும் தாளில் "அதிகபட்ச வெப்பநிலை" என்ற வரிக்குப் பக்கத்தில் எந்த உருவுக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் பேனாவைக் கொடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஆனயான் என்றால் டைப் 1ஆ, 2ஆ என்பதையும் சேர்த்து.

மூட்டையைப் பிரித்ததும் 100 மில்லி எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் உப்புத்தண்ணீரோடு மூடி, தேதியும் பெயரும் எழுதி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து ஓட்டம் குறையும்போது பாத்திரத்தில் இருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் வீட்டு அலமாரியில் அப்படிப் பதினொரு பாட்டில் இருக்கிறது. அதில் ஒன்றில் டைப் 2 என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும்.